பி.எப். பைசாவும் வருமான வரியும்: பிடித்ததெல்லாம் கட்ட வேண்டிய வரி அல்ல



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், வட்டிக் கணக்கு எல்லாம் நம்ம கூட்டத்தில் வழக்கமாகப் பேசுகிற விஷயங்கள். வருமான வரி என்றால் மட்டும் “அது பணக்காரங்க சமாச்சாரம், நமக்கு எதுக்கு?” என்று சிரித்துவிட்டு அடுத்த தீர்மானத்துக்குப் போய்விடுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன். 2024-ல் குலசேகரம் பக்கம் ஒரு குழுவில் நடந்த சம்பவம் அந்த எண்ணத்தை மாற்றியது. இந்த மாதப் பாடம் அதிலிருந்துதான்.

நடந்தது என்ன?

அந்தக் குழுவில் ஒரு அக்கா. ஐம்பத்தி நாலு வயது. அண்டி ஆபீஸில் அண்டி உடைக்கிற வேலை. முதலில் ஒரு ஆபீஸில் 3 வருஷம், பிறகு வேறொரு ஆபீஸில் 4 வருஷமும் 2 மாதமும். கை கால் வலி தாங்காமல் அந்த ஆகஸ்டில் வேலையை விட்டார். “பி.எப். பைசா எடுக்கணும் பிள்ளே, எப்படி?” என்று என்னிடம் கேட்டார். “பிரவுசிங் சென்டர்ல போட்டா வரும்க்கா” என்று சொன்னேன். சொன்னது அவ்வளவுதான்.

கணக்கில் 80,000 ரூபாய் இருந்தது. வங்கியில் வந்து சேர்ந்தது 64,000. அடுத்த கூட்டத்துக்கு பாஸ்புக்கோடு வந்து என் முன்னால் வைத்தார். “எனக்க பைசா பதினாறாயிரம் எங்க போச்சு பிள்ளே? அண்டிக் கறையில வெந்த கையி இது. யாரு எடுத்தா?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. சமூகப் பணியில் பட்டம் வாங்கியவள் என்று பெயர். அன்றைக்குத் தலைகுனிந்துதான் வீட்டுக்குப் போனேன்.

விசாரித்துப் பார்த்ததில் யாரும் திருடவில்லை. அது வருமான வரிக்காகப் பிடித்த பணம். ஆனால் அந்த அக்கா அந்த வருஷம் கட்ட வேண்டிய வரி ஒரு ரூபாய்கூட இல்லை. அப்படியானால் ஏன் பிடித்தார்கள்? பிடிக்காமல் இருக்க என்ன செய்திருக்கலாம்? பிடித்ததை எப்படித் திரும்ப வாங்கினோம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இந்தப் பைசா எப்படிச் சேருகிறது?

நம்ம பகுதியில் பி.எப். உள்ளவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். அண்டி ஆபீஸ் பெண்கள், அரசு ரப்பர் கழகத் தோட்டங்களிலும் பெரிய தனியார் தோட்டங்களிலும் பால் வெட்டுகிறவர்கள், தனியார் பள்ளி, ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடை ஊழியர்கள் என்று எல்லாக் குழுவிலும் இரண்டு பேராவது இருப்பார்கள்.

ஒரு உதாரணம். தினக்கூலி 350 ரூபாய், மாதம் 26 நாள் வேலை என்றால் மாதச் சம்பளம் 9,100 ரூபாய். இதில்,

- நம்ம சம்பளத்தில் பிடிப்பது 12 சதவீதம்: 1,092 ரூபாய்.
- முதலாளி போடுவதும் 12 சதவீதம்: 1,092 ரூபாய்.
- முதலாளி போடுவதில் 8.33 சதவீதம், அதாவது 758 ரூபாய், பென்ஷன் நிதிக்குப் போகும். மிச்சம் 334 ரூபாய் நம்ம பி.எப். கணக்கில் சேரும்.

ஆக மாதாமாதம் பி.எப். கணக்கில் ஏறுவது 1,426 ரூபாய். அதற்கு வருஷா வருஷம் வட்டியும் உண்டு.

இந்த நிதி முதுமைக்காகச் சேர்ப்பது. அதனால் அரசு இதற்கு வரிச் சலுகை கொடுக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது. அதுதான் ஐந்து வருஷக் கணக்கு.

ஐந்து வருஷக் கணக்கு

தொடர்ந்து 5 வருஷம் வேலை செய்து பி.எப். கட்டியிருந்தால், எடுக்கும் பைசாவுக்கு வரி இல்லை. ஒரு லட்சமானாலும் ஐந்து லட்சமானாலும் முழுப் பணமும் கைக்கு வரும். 58 வயதில் ஓய்வு பெறுகிற பெரும்பாலான பெண்களுக்கு இந்த ஒரு வரியே போதும். பயப்பட எதுவும் இல்லை.

5 வருஷம் ஆவதற்கு முன்னால் எடுத்தால்தான் வரி பற்றிய பேச்சு வரும். அதிலும் மூன்று விதிவிலக்கு உண்டு.

1. உடல்நலம் கெட்டு வேலை போனால் வரி இல்லை.
2. முதலாளி தொழிலையே மூடிவிட்டால் வரி இல்லை.
3. நம்ம கையில் இல்லாத வேறு காரணத்தால் வேலை போனாலும் வரி இல்லை.

அண்டி ஆபீஸ்கள் பூட்டிப் போவது நம்ம மாவட்டத்தில் புதிய செய்தி அல்ல. ஆபீஸ் மூடியதால் வேலை போனவர்கள், வேலையை விட்ட காரணம் என்ன என்று பதிவாகியிருக்கிறது என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். “சொந்தக் காரணம்” என்று போட்டிருந்தால் சலுகை கை நழுவிப் போகும். உடம்புக்கு முடியாமல் விட்டவர்களும் அப்படித்தான். ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருங்கள்.

இப்போது நம்ம அக்கா கதைக்கு வருவோம். முதல் ஆபீஸில் 3 வருஷம், இரண்டாவது ஆபீஸில் 4 வருஷம் 2 மாதம். மொத்தம் 7 வருஷத்துக்கு மேல். அப்படியானால் வரியே வந்திருக்கக் கூடாதே? வந்ததற்குக் காரணம், முதல் ஆபீஸை விட்டதும் அந்தப் பைசாவை அவர் எடுத்துவிட்டார். மகள் கல்யாணச் செலவு. எடுத்ததும் அந்த 3 வருஷம் கணக்கிலிருந்து போய்விட்டது. எடுக்காமல் பழைய கணக்கைப் புதிய கணக்கோடு சேர்த்திருந்தால் இரண்டும் ஒரே சேவையாக எண்ணப்பட்டு 5 வருஷத்தைத் தாண்டியிருக்கும்.

இதில் வரியைவிடப் பெரிய நஷ்டம் ஒன்றும் இருக்கிறது. பி.எப். பென்ஷன் கிடைக்க 10 வருஷச் சேவை வேண்டும். ஒவ்வொரு ஆபீஸ் மாறும்போதும் பி.எப்., பென்ஷன் பைசா இரண்டையும் எடுத்துக்கொண்டே போனால், இருபது வருஷம் அண்டி உடைத்த பெண்ணுக்கும் 58 வயதில் பென்ஷன் இருக்காது. 10 வருஷம் ஆகாமல் வேலையை விட நேர்ந்தால், பென்ஷன் பங்கை எடுக்காமல் அதற்குத் திட்டச் சான்றிதழ் கேட்டு வாங்கலாம். பிறகு வேறு வேலையில் சேரும்போது பழைய வருஷங்களும் சேர்த்து எண்ணப்படும்.

எவ்வளவு பிடிப்பார்கள்?

இப்படி மூலத்திலேயே வரி பிடிப்பதை டி.டி.எஸ். என்பார்கள். பி.எப். பைசாவில் இது 2015 ஜூன் 1 முதல் இருக்கிறது. 5 வருஷத்துக்குள் எடுக்கும்போது,

- தொகை 50,000 ரூபாய்க்குக் குறைவு என்றால் பிடித்தம் இல்லை.
- 50,000 அல்லது அதற்கு மேல், பான் கார்டு சரியாக இணைந்திருக்கிறது என்றால் 10 சதவீதம்.
- பான் இல்லை அல்லது செல்லுபடி ஆகவில்லை என்றால் 20 சதவீதம்.
- பானும் சரி, உறுதிமொழிப் படிவமும் கொடுத்தாகிவிட்டது என்றால் பிடித்தம் இல்லை.

அக்காவின் 80,000-க்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். படிவம் கொடுத்திருந்தால் 80,000 முழுதும் வந்திருக்கும். படிவம் இல்லாமல் பான் மட்டும் சரியாக இருந்திருந்தால் 72,000 வந்திருக்கும். இரண்டும் இல்லாததால் வந்தது 64,000.

அவரிடம் பான் கார்டு இருந்தது. குழுக் கடன் சமயத்தில் எடுத்தது. ஆனால் ஆதாரோடு இணைக்கவில்லை. 2023 ஜூன் 30-க்குள் இணைக்காத பான் கார்டுகள் 2023 ஜூலை 1 முதல் செயலற்றுப் போயின. பெட்டிக்குள் அட்டை பத்திரமாக இருக்கிறது, ஆனால் சட்டத்தின் கண்ணில் அது இல்லாத அட்டை. பானில் அப்பா பெயர் இனிஷியல், ஆதாரில் வீட்டுக்காரர் பெயர் இனிஷியல். இந்த வித்தியாசத்தால் இணைக்காமல் கிடக்கிற பெண்கள் நம்ம குழுக்களில் நிறைய. இன்றைக்கே பாருங்கள்.

பிடிப்பது வேறு, வரி வேறு

பாடத்தின் மையம் இதுதான். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

பி.எப். அலுவலகத்துக்கு நம்ம வருஷ வருமானம் எவ்வளவு என்று தெரியாது. அதனால் சட்டம் சொல்கிறபடி ஒரு பகுதியை முன்கூட்டிப் பிடித்து, நம்ம பெயரில் வருமான வரித் துறைக்குக் கட்டிவிடுகிறது. இது முன்பணம் மாதிரி. வருஷக் கடைசியில் நம்ம மொத்த வருமானத்தைக் கணக்குப் பார்த்தால்தான் உண்மையான வரி எவ்வளவு என்று தெரியும். முன்பணம் அதிகமாகப் போயிருந்தால் மிச்சத்தைத் திரும்பத் தர வேண்டும். நம்ம குழுவில் ஒருத்தி கடன் தவணையை இரண்டு தடவை கட்டிவிட்டால் பதிவேட்டைப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கிறோம் இல்லையா? அதுபோலத்தான்.

அக்காவின் கணக்கைப் பார்ப்போம். 80,000-ல் அவருடைய சம்பளத்தில் பிடித்துச் சேர்ந்தது ஏறத்தாழ 54,600 ரூபாய். தன் சம்பளத்தில் பிடித்த அந்தப் பங்குக்கு இப்போது மறுபடி வரி இல்லை. முதலாளி பங்கும் வட்டியுமாக மிச்சம் 25,400 ரூபாய்தான் வருமானமாகச் சேரும். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை வாங்கிய கூலி 45,500 ரூபாய். இரண்டும் சேர்த்து அந்த வருஷ வருமானம் 70,900 ரூபாய். வரிக் கோட்டின் பக்கத்திலேயே அவர் வரவில்லை. ஆனால் பிடித்தது 16,000!

வரிக் கோடு எங்கே இருக்கிறது? 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் வருஷ வருமானம் 4 லட்சம் வரை வரி இல்லை. அதற்கு மேல் 12 லட்சம் வரை வழக்கமான வருமானம் உள்ளவர்களுக்குத் தள்ளுபடி கிடைப்பதால் கையிலிருந்து கட்ட வேண்டியது இல்லை. நம்ம உறுப்பினர்களில் யாருக்கு வருஷம் 12 லட்சம் வருகிறது? அதனால் ஒன்றை மனதில் பதியுங்கள்: நம்மில் பெரும்பாலோர் வரி கட்ட வேண்டியவர்கள் அல்ல, வரி பிடிக்கப்படக்கூடியவர்கள். இந்த இரண்டுக்கும் இடையில்தான் நம்ம பைசா மாட்டிக்கொள்கிறது.

உறுதிமொழிப் படிவம்

“என் வருஷ வருமானத்துக்கு வரி வராது, அதனால் பிடிக்க வேண்டாம்” என்று எழுதிக் கொடுப்பதுதான் இந்தப் படிவம். பல வருஷங்களாக 60 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 15ஜி, 60 வயது நிறைந்தவர்களுக்கு 15எச் என்ற பெயரில் பழக்கம். வருமான வரிச் சட்டம் 2025, பழைய 1961 சட்டத்தின் இடத்துக்கு 2026 ஏப்ரல் 1 முதல் என்று கொண்டுவரப்பட்டது. சட்டம் மாறும்போது பிரிவு எண்ணும் படிவ எண்ணும் மாறும். ஆகவே எண்ணைச் சொல்லிக் குழம்ப வேண்டாம். “வரி பிடிக்க வேண்டாம் என்று கொடுக்கும் உறுதிமொழி” என்று கேளுங்கள், எடுத்துத் தருவார்கள்.

கவனிக்க வேண்டியவை:

- பி.எப். 58 வயதில் எடுத்தால் நீங்கள் இன்னும் 60 ஆகாதவர். 60-க்குக் கீழே உள்ளவர்களுக்கான விதிதான் பொருந்தும்.
- செல்லுபடியாகும் பான் இல்லாமல் இந்தப் படிவம் செல்லாது. முதலில் பான், பிறகு படிவம்.
- ஆன்லைனில் விண்ணப்பம் போடும்போதே இதையும் சேர்த்து ஏற்ற வேண்டும். பைசா பிடித்த பிறகு கொடுத்துப் பயன் இல்லை. பிரவுசிங் சென்டரில் “சேர்த்தாச்சா?” என்று கேட்டு, திரையில் பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.
- இது அரசுக்குக் கொடுக்கும் உறுதிமொழி. உண்மையிலேயே வரி வராதவர்கள்தான் கொடுக்கலாம். பொய் சொன்னால் தண்டனை உண்டு. எழுதாத படிவத்தில் யார் கேட்டாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

பிடித்த பைசாவைத் திரும்ப வாங்குவது எப்படி?

அக்காவின் விஷயத்தில் நாங்கள் செய்தது இது.

1. ஆதாரில் பெயரைச் சரிசெய்து, 1,000 ரூபாய் கட்டணம் செலுத்தி, பானை ஆதாரோடு இணைத்தோம். பான் மறுபடி உயிர் பெற்றது.
2. வருமான வரி இணையதளத்தில் அவர் பானில் பிடித்தம் 16,000 ஏறியிருக்கிறதா என்று 26ஏஎஸ் என்ற பட்டியலில் பார்த்தோம். ஏறியிருந்தது.
3. வங்கிக் கணக்கை அந்தத் தளத்தில் சரிபார்த்து இணைத்தோம்.
4. 2025 ஜூலையில் வருமானக் கணக்கைத் தாக்கல் செய்தோம். வருமானம் 70,900, வரி இல்லை, பிடித்தது 16,000, திரும்ப வேண்டியது 16,000.
5. ஆதார் ஓ.டி.பி. கொண்டு உறுதி செய்தோம். இதைச் செய்யாவிட்டால் தாக்கல் செய்ததாகவே ஆகாது.

சில வாரத்தில் 16,000 ரூபாய் அவர் கணக்குக்கு வந்தது. கூட்டத்தில் பாஸ்புக்கைத் தூக்கிக் காட்டினார். “எனக்க பைசா எனக்கே கிட்டியாச்சு” என்று சொன்னபோது எல்லோரும் கைதட்டினோம். ஆனால் இதற்குப் பத்து மாதத்துக்கு மேல் ஆனது. அந்தப் பத்து மாதமும் அவர் வைத்தியச் செலவுக்குக் குழுவில் கடன் வாங்கி வட்டி கட்டினார். முதல் நாளே நான் இரண்டு விஷயம் கேட்டிருந்தால் அந்த வட்டி மிச்சம்.

பான் கார்டே இல்லாமல் பிடித்திருந்தால் இது இன்னும் கஷ்டம். அந்தப் பிடித்தம் யார் பெயரிலும் ஏறாது. ஏறாத பைசாவைக் கேட்டு வாங்குவது லேசான காரியம் அல்ல.

தாக்கலுக்குக் கடைசித் தேதி ஜூலை 31 என்று மனதில் வையுங்கள். தவறினாலும் டிசம்பர் 31 வரை தாமதமாகத் தாக்கல் செய்யலாம். அடிப்படை விலக்கு வரம்புக்குக் கீழே வருமானம் உள்ளவர்களுக்குத் தாமதக் கட்டணமும் இல்லை.

ஓய்வுக்குப் பிறகு வரும் மற்ற பைசா

இப்போது 58 வயதில் முறையாக ஓய்வு பெறுகிற ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அதே 9,100 ரூபாய் சம்பளம். 14 வருஷச் சேவை. பி.எப். 3,50,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பி.எப்.: 5 வருஷம் தாண்டியதால் 3,50,000-க்கும் வரி இல்லை.

கிராஜுவிட்டி: ஒரு வருஷச் சேவைக்கு 15 நாள் கூலி. 350 × 15 × 14 = 73,500 ரூபாய். சட்டப்படியான இந்தத் தொகைக்கு 20 லட்சம் வரை வரி இல்லை. பி.எப். வந்ததோடு “எல்லாம் முடிஞ்சது” என்று கிராஜுவிட்டி கேட்காமல் விடுகிறவர்கள் உண்டு. கேட்டு வாங்குங்கள்.

மாதப் பென்ஷன்: சம்பளத்தைச் சேவை வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 9,100 × 14 ÷ 70 = மாதம் 1,820 ரூபாய். குறைந்தபட்சப் பென்ஷன் 2014 செப்டம்பர் முதல் 1,000 ரூபாய். பென்ஷன் வரிக்கு உட்பட்ட வருமானம்தான், சம்பளம் மாதிரியே கணக்கு. ஆனால் வருஷத்துக்கு 21,840 ரூபாய். புதிய முறையில் பென்ஷன்காரர்களுக்கு 75,000 வரை நிலையான கழிவு உண்டு. ஆகவே கணக்கில் ஒன்றுமே மிஞ்சாது.

வங்கி வட்டி: பி.எப். பைசாவில் 3,00,000 ரூபாயை வைப்பில் போட்டு, 7 சதவீத வட்டி என்று வைத்தால் வருஷம் 21,000 வரும். பி.எப். பைசாவுக்கு வரி இல்லையே தவிர, அதைப் போட்டு வரும் வட்டி வருமானம்தான். இங்கேயும் பிடித்தம் உண்டு. 2025 ஏப்ரல் 1 முதல் ஒரு வங்கியில் வருஷ வட்டி 50,000-ஐத் தாண்டினால் பிடிப்பார்கள். 60 வயது நிறைந்தவர்களுக்கு அது 1,00,000. நம்ம உதாரணப் பெண்ணுக்கு 21,000 என்பதால் பிடித்தம் வராது. அதிகம் போட்டிருப்பவர்கள் ஒவ்வொரு ஏப்ரலிலும், ஒவ்வொரு வங்கியிலும் உறுதிமொழிப் படிவம் கொடுக்க வேண்டும். ஒரு வருஷம் கொடுத்தது அடுத்த வருஷத்துக்குச் செல்லாது.

உறுப்பினர்கள் கேட்ட கேள்விகள்

“வீட்டுக்காரர் சம்பளத்தையும் சேர்த்துப் பார்ப்பாங்களா?”
இல்லை. வருமான வரியில் கணவன் தனி, மனைவி தனி. உங்க பி.எப்., உங்க கூலி, உங்க வட்டி மட்டும்தான் உங்க கணக்கு. ஆனால் வீட்டுக்காரர் தன் பைசாவை உங்க பெயரில் வைப்புப் போட்டிருந்தால் அந்த வட்டி அவர் வருமானத்தில் சேரும்.

“வீட்டுக்காரர் இறந்து எனக்கு வரும் பி.எப். பைசாவுக்கு வரி உண்டா?”
இல்லை. நாமினி பெயர் பதிவாகியிருக்கிறதா என்று மட்டும் உயிரோடு இருக்கும்போதே பாருங்கள். மாதாமாதம் வரும் குடும்பப் பென்ஷன் உங்க வருமானமாகச் சேரும். அதிலும் ஒரு பங்கு கழிவு உண்டு. சிறிய பென்ஷனுக்கு வரி எட்டாது.

“வேலையை விட்ட பிறகு எடுக்காமல் வைத்தால்?”
58 வயதுக்கு முன் விட்டவர்களுக்குக் கணக்கில் வட்டி ஏறும். வேலையை விட்ட பிறகு ஏறும் அந்த வட்டி மட்டும் வரிக்கு உட்பட்டது. நம்ம வருமானத்தில் அது பெரிய பாரம் அல்ல. வரிக்குப் பயந்து அவசரமாக எடுக்க வேண்டாம்.

“அண்டிக் கறையால விரல் ரேகை விழ மாட்டேங்குதே?”
இது நம்ம ஊர்ப் பெண்களின் பெரிய பிரச்சினை. பென்ஷன் வாங்குகிறவர்கள் வருஷா வருஷம் கொடுக்கும் உயிர்வாழ் சான்றை, செல்போனில் முகம் காட்டிக் கொடுக்கும் முறை வந்துவிட்டது. ஆதாரில் செல்போன் எண் சரியாக இருந்தால் மற்ற வேலைகளுக்கு ஓ.டி.பி. போதும்.

“நான் சின்னத் தோட்டத்துல பால் வெட்டுறேன். எனக்கு பி.எப். இல்லையே?”
18 முதல் 40 வயது வரை உள்ளவர்கள், வருமான வரி கட்டாதவர்கள், அடல் பென்ஷன் திட்டத்தில் சேரலாம். 60 வயதில் மாதம் 1,000 முதல் 5,000 வரை பென்ஷன். வங்கியிலோ தபால் நிலையத்திலோ கேளுங்கள்.

ஏமாறாதீர்கள்

“உங்க பி.எப். பைசா ரெடி, வரி 5,000 கட்டினா உடனே விடுவோம்” என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். வரியைப் பைசாவிலிருந்து பிடிப்பார்களே தவிர, முன்னால் கட்டச் சொல்ல மாட்டார்கள். ஓ.டி.பி. எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள். “பத்துக்கு ரெண்டு எனக்கு” என்று பங்கு கேட்கும் ஏஜெண்டுகளிடமும் போகாதீர்கள். பி.எப்.-ல் பதிந்த செல்போனிலிருந்து 9966044425 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் கணக்கில் உள்ள தொகை இலவசமாகக் குறுஞ்செய்தியில் வரும். நேரில் கேட்க நாகர்கோவிலில் பி.எப். அலுவலகம் இருக்கிறது. தனியாகப் போகத் தயக்கம் என்றால் குழுவாகப் போவோம், நானும் வருகிறேன்.

அடுத்த கூட்டத்தில் செய்ய வேண்டியது

ஊக்குநர்கள் ஒரு நோட்டில் இந்த ஆறு கேள்வியையும் எழுதி, பி.எப். உள்ள ஒவ்வொரு உறுப்பினரிடமும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உறுப்பினர்களின் பான் எண், ஆதார் எண்ணை நோட்டில் எழுத வேண்டாம். “உண்டு, இல்லை” என்று மட்டும் போதும்.

1. பி.எப். கணக்கு எண் தெரியுமா? ஒன்றா, பலதா?
2. பழைய ஆபீஸ் கணக்கைப் புதியதோடு சேர்த்தாச்சா?
3. மொத்தம் எத்தனை வருஷம்? 5 ஆச்சா? பென்ஷனுக்கு 10 ஆச்சா?
4. பான் கார்டு உண்டா? ஆதாரோடு இணைந்திருக்கிறதா?
5. பான், ஆதார், பி.எப்., வங்கி நாலிலும் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதா?
6. நாமினி யார்?

சேர்ந்து பேச: நம்ம குழுவில் இதுவரை பி.எப். எடுத்தவர்கள் யார்? எவ்வளவு கணக்கில் இருந்தது, எவ்வளவு கைக்கு வந்தது? குறைந்திருந்தால் ஏன் என்று கேட்டோமா?

சகோதரிகளே, அந்த அக்கா இப்போது வேறு குழுக்களுக்கும் வருகிறார். பைசா எடுக்கப் போகிற யாரைப் பார்த்தாலும் அவர் முதலில் கேட்பது, “பான் கார்டு இணைச்சாச்சா பிள்ளே? படிவம் போட்டியா?” என்பதுதான். நான் கேட்க மறந்த கேள்விகளை அவர் கேட்கிறார். நீங்களும் உங்கள் குழுவில் கேளுங்கள். அடுத்த கூட்டத்தில் சந்திப்போம்.